நடப்பதற்கு ஓர் இடம்

 

பெரம்பலூர் மாவட்டம் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் நமக்கு மடல் எழுதியிருக்கிறார். வயது நாற்பத்திரண்டு. கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். அண்மையில் செய்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 190, இடுப்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர். "சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. நாள்தோறும் வேகமாக நடந்து வாருங்கள்" என்று கூறி மருத்துவர் அனுப்பிவிட்டாராம். சகோதரி நம்மிடம் கேட்டிருப்பவை மூன்று. நடந்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரை எப்படிக் குறையும்? ஐவேளையும் தொழுகிறேனே, அது போதாதா? போதாதென்றால், எங்கள் ஊரில் ஒரு பெண் எங்கே போய் நடப்பது?

முதல் இரு வினாக்களுக்கும் மருத்துவ நூல்கள் விடை கூறும். மூன்றாவதற்கு விடை கூற வேண்டியவர்கள் நம் ஊர் ஜமாஅத் பெரியவர்கள். ஆதலின் இம்மாதப் பகுதியை ஆடவரும் அவசியம் படிக்க வேண்டுகிறேன்.

சகோதரியின் நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்'. தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தொகுதி எனலாம். இது தனியொரு நோயன்று. ஒன்றாகக் கைகோத்து வரும் ஐந்து அறிகுறிகளின் கூட்டம். நம் நாட்டவர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் அதற்கு மேலும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருத்தல். டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ்; இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல்; வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். ஐந்தில் மூன்று இருந்தாலே இத்தொகுதி இருப்பதாகக் கொள்ள வேண்டும். சகோதரிக்கு மூன்று இருக்கின்றன. இடுப்பை அளக்கும்போது புடவை கட்டும் இடத்தில் அளப்பது பிழை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

"நான் பருமன் இல்லையே, எனக்கு ஏன்?" என்று கேட்போர் நம்மிடையே மிகுதி. 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு நிழற்படம் வெளிவந்தது. லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் அருகருகே நிற்கும் படம். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு; நம் நாட்டவருக்கு 21.2 விழுக்காடு! ஒல்லியாகத் தோன்றும் உடலுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த பேராய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். சகோதரியைப் போல் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். நாம் உண்ணும் சோறும் இடியாப்பமும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் அந்தச் சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்புகிறது. அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்பவை நம் தசைகளே. தசையின் ஒவ்வொரு நாருக்குள்ளும் 'குளூட்-4' என்னும் நுண்ணிய வாயில்கள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. இன்சுலின் வந்து கட்டளையிட்டால் அவை மேற்பரப்புக்கு வந்து திறந்துகொள்ளும். சர்க்கரை உள்ளே செல்லும். உழைப்புக் குறைந்து, ஈரலிலும் தசையிலும் கொழுப்புப் படிந்துவிட்டால், இன்சுலினின் கட்டளை தசையின் செவியில் ஏறுவதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு நிலை. கணையமோ விடுவதில்லை. ஒன்றுக்கு இரண்டாகச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கப் போராடுகிறது. பரிசோதனையில் சர்க்கரை 'நார்மல்' என்று வரும் அந்த ஆண்டுகளிலேயே உள்ளே இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது. கணையம் களைத்து விழும் நாளில்தான் நமக்குச் 'சர்க்கரை வந்துவிட்டது'. இன்சுலின் போதாமல் வருவது ஒன்று, இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காமல் வருவது மற்றொன்று என்று சர்க்கரை நோயை வகைபிரித்துக் காட்டியவர் ஹிம்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஆண்டு 1936. அந்தச் செவிசாய்க்காமையே இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக் கோளாறுக்கும் பொது வேராக இருக்கிறது என்று அமெரிக்காவின் டாக்டர் ரீவன் 1988-இல் விளக்கினார்.

இப்போது நடையின் வேலையைக் கவனியுங்கள். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து கட்டளையிடாமலே அந்த வாயில்கள் திறந்துகொள்கின்றன! தசை தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இன்சுலின் வழி பழுதுபட்டவருக்கும் இந்த இரண்டாம் வழி பழுதுபடுவதில்லை. அல்லாஹ்வின் படைப்பில் இப்படியொரு மாற்றுவழி அமைந்திருப்பதை எண்ணும்தோறும் வியப்பே மேலிடுகிறது. அதுமட்டுமன்று. நடந்து முடித்து வீட்டில் வந்து அமர்ந்த பின்னும், வெறுமையான இருப்பை நிரப்பிக்கொள்வதற்காகத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. இந்த நற்பலன் ஏறத்தாழ இரண்டு நாட்கள் நீடிக்கும். பிறகு தேய்ந்துவிடும். மருத்துவர்கள் வாரத்திற்கு 150 நிமிடம் என்று சொல்வதோடு நில்லாமல், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்றும் வலியுறுத்துவது இதனாலேயே. ஞாயிறு ஒருநாள் பத்துக் கிலோமீட்டர் நடந்துவிட்டு மற்ற ஆறு நாட்கள் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பாவம், வியர்வைதான் மிச்சம்.

அசையாமல் இருப்பது எவ்வளவு விரைவில் தீங்கு செய்கிறது என்பதைக் கோபன்ஹேகன் நகர ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினர். உடல்நலமுள்ள பத்து இளைஞர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,500 அடிகள் நடந்து வந்தவர்கள். அவர்களை இரண்டே வாரம், நாளொன்றுக்கு 1,350 அடிகளுக்குள் நிறுத்தினர். இன்சுலினுக்கு அவர்களின் உடல் செவிசாய்க்கும் திறன் 17 விழுக்காடு வீழ்ந்தது. நோயற்ற இளைஞர்க்கே இரண்டு வாரத்தில் இந்த நிலை! நம் வீடுகளில் உரலும் அம்மியும் போய் மிக்சியும் கிரைண்டரும் வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? கிணற்றடிக்கு நடந்த நடை குழாயடியில் நின்றது. இப்போது குழாயே அடுக்களைக்குள் வந்துவிட்டது. பழைய பாடுகளுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாடுகளில் பெண்கள் தேய்ந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் நின்றுபோன அந்த அசைவுக்கு ஈடாக எதையும் நாம் வைக்கவில்லையே!

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'ஹெரிடேஜ்' ஆய்வில், அதுவரை உடற்பயிற்சி செய்யாதிருந்தவர்களுக்கு 20 வாரம் மிதிவண்டி இயந்திரத்தில் ஏரோபிக் பயிற்சி அளித்தனர். வாரத்திற்கு மூன்று நாட்கள். தொடக்கத்தில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருந்தவர்கள் 105 பேர். முடிவில் அவர்களில் 32 பேர் அந்தப் பட்டியலிலிருந்தே வெளியேறிவிட்டனர். சீனாவின் டாசிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வோ ஆறாண்டுகள் நீண்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களில், ஒப்பீட்டுக் குழுவில் 67.7 விழுக்காட்டினரை நோய் பற்றியது. உடற்பயிற்சிக் குழுவில் 41.1 விழுக்காட்டினரை மட்டுமே பற்றியது.

நம் தமிழகத்தில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வையே நான் பெரிதாக மதிக்கிறேன். 531 பேர் அதில் பங்கேற்றனர். உணவுக் கட்டுப்பாடும் நாளொன்றுக்குக் குறைந்தது அரைமணி நேர விரைவு நடையும் ஒரு குழுவுக்கு. மெட்பார்மின் மாத்திரை ஒரு குழுவுக்கு. இரண்டும் ஒரு குழுவுக்கு. எதுவும் இல்லாமல் ஒரு குழு. மூன்றாண்டுகளில் எதுவும் பெறாத குழுவில் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆயினர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்ட குழுவில் 39.3, மாத்திரைக் குழுவில் 40.5. சகோதரியே, உங்கள் மருத்துவர் மருந்தெழுதாமல் நடக்கச் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நடைக் குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. ஆயினும் நோய் விலகி நின்றது. மூன்று மாதம் நடந்தும் எடை இயந்திரத்தின் முள் நகரவில்லை என்று மனம் வெதும்பி விட்டுவிடுபவர்கள் பலர். உள்ளே நடக்கும் நன்மையை அந்த முள் அறியாது.

இரண்டாம் வினா, தொழுகை. பலரும் கேட்கத் தயங்கும் இவ்வினாவைச் சகோதரி துணிந்து கேட்டதற்கு நன்றி. தொழுகையின் நிலைகளால் மூட்டுகளும் முதுகும் இளகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏரோபிக் பயிற்சி என்பது, இதயம் விரைந்து துடித்து மூச்சு சற்றே வாங்கும் நிலை நீடிப்பது. நிதானமாக நிறைவேற்ற வேண்டிய தொழுகையில் அந்நிலை வருவதில்லை, வரவும் கூடாது. தொழுகை வணக்கம். அதைத் தேகப்பயிற்சிக் கணக்கில் எழுதுவது இரண்டுக்கும் நியாயமாகாது என்பது என் கருத்து.

தொழுகைக்குச் செல்லும் வழிதான் பயிற்சியாகும்! வீட்டிலிருந்து பள்ளிவாசல் 400 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். ஐந்து வேளையும் நடந்து போய் நடந்து வந்தால் நாளொன்றுக்கு நான்கு கிலோமீட்டர். வாரம் முழுவதும், இடைவெளியே இன்றி! ஆனால் லுஹர் நேரத்தில் நம் பள்ளிவாசல்களின் வாயிலைப் பாருங்கள். அடுத்த தெருக்காரரின் மோட்டார் சைக்கிளும் அங்கே நிற்கிறது. தொழுகைக்கு ஓடி வராதீர், அமைதியாக வாருங்கள் என்பது நபிவழி. எனவே போகும்போது நிதானமாகவும், திரும்பும்போது வேகமாகவும் நடக்கலாமே. இரவு உணவை மஃரிபுக்குப் பின்னரே முடித்துவிட்டு இஷாவுக்கு நடந்து செல்வது இன்னும் மேல். உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்த நீரிழிவு நோயாளிகளை நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2016-இல் சோதித்தனர். விரும்பிய ஏதோவொரு நேரத்தில் மொத்தமாக அரைமணி நேரம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு.

ஆண்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. கடைத்தெரு இருக்கிறது. பெண்ணுக்கு?

இதுவே மூன்றாம் வினா. நடைப்பயிற்சி பற்றிய கட்டுரைகள் 'பூங்காவில் நடங்கள், கடற்கரையில் நடங்கள்' என்று எழுதி முடித்துவிடுகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடற்கரை ஏது? 2023-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை ஏற்படுத்தியது. பாராட்டத்தக்க பணி. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்னும்போது, வெள்ளாற்றங்கரையிலும் வ.களத்தூரிலும் வாழும் பெண்ணுக்கு அது எப்படி எட்டும்? அரியலூர்ப் பக்கத்து நிலை வேறு. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடும் சாலைகளில் புழுதிக்கும் அஞ்ச வேண்டும். உயிருக்கும் அஞ்ச வேண்டும். அந்தச் சாலையோரம் நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இவற்றோடு, 'அவள் ஏன் தெருவில் நடக்கிறாள்?' என்னும் பார்வை ஒன்றும் உண்டே. சகோதரியின் மடலில் அது எழுதப்படவில்லை. ஆனால் வரிகளுக்கிடையே இருந்தது.

அந்தப் பார்வையை உடையோருக்கு ஒன்றை நினைவூட்டுவேன். நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள், அன்னையார் முந்தினார்கள். பின்னொரு நாள், அன்னையாருக்குச் சற்றே உடல் பெருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் முந்தினார்கள். இது அபூதாவூத் தொகுப்பில் உள்ள செய்தி. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே நாம் செய்யும் ஸயீ, அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் நடையைப் பின்பற்றியதேயாகும். ஒரு முறை ஏறத்தாழ 450 மீட்டர். ஏழும் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். வீட்டு வாசலைத் தாண்டி நடந்தறியாத பெண்ணை அறுபது வயதில் அங்கே அழைத்துச் சென்று திடீரென நடக்கச் சொன்னால் அவர் கால்கள் என்ன செய்யும்?

சென்னை திருமங்கலம் பகுதியில் நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்று உண்டு. டாக்டர் மோகன் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் 1990-களின் நடுவில் அங்கே கணக்கெடுத்தபோது, வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டினர்தாம். ஆய்வின் முடிவுகளையும் நடையின் பயனையும் குடியிருப்பு மக்களுக்கு அவர்கள் எடுத்துரைத்தனர். மக்கள் அரசின் வரவை எதிர்பார்க்கவில்லை. தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி நடைபாதையுடன் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கணக்கெடுத்தபோது உடற்பயிற்சி செய்வோர் 58.7 விழுக்காடு! இந்த முடிவு 2006-இல் வெளியாயிற்று. அறிவுரை மட்டும் இதைச் செய்யவில்லை. அறிவுரை கேட்டவர்க்குக் கால் வைக்க ஓர் இடமும் கிடைத்தது.

நமக்குப் பூங்கா கட்டவும் வேண்டியதில்லை. நம் ஊர்களில் பெருநாள் தொழுகைக்கென ஈத்காஹ் திடல்கள் இருக்கின்றன. ஆண்டில் இரண்டே நாட்கள் தொழுகை. மற்ற நாட்களில் பூட்டிய கதவு. திருமண மண்டபங்கள் முகூர்த்தமில்லாத நாட்களில் வெறுமையாகக் கிடக்கின்றன. மதரஸா மைதானமும் பள்ளிக்கூடத் திடலும் இருக்கின்றன. சுப்ஹுக்குப் பின் ஒருமணி நேரம், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒருமணி நேரம், இவற்றில் ஒன்றைப் பெண்களுக்கு மட்டும் என்று ஜமாஅத் ஒதுக்கித் தந்தால் என்ன? ஓரத்தில் சுற்றிவர நான்கடி அகலத்தில் மண்பாதை, ஒரு விளக்கு, குடிதண்ணீர், இவ்வளவே செலவு. வக்ஃபு நிலமாயின் அதன் விதிகளை முத்தவல்லியும் ஆலிம்களும் கலந்து பேசட்டும். கூடாது என்று முடிவாகுமானால், கூடும் இடம் எது என்பதையும் அதே அமர்வில் முடிவு செய்யட்டும். இலவச மருத்துவ முகாம் நடத்தி எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று கணக்கெடுக்கும் நம் இளைஞர் மன்றங்கள், முகாமுக்கு வந்தவர்கள் அடுத்த நாள் எங்கே நடப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டாமா?

அதுவரை வீட்டிலேயே தொடங்குங்கள், சகோதரியே. பதினைந்து மீட்டர் நீளமுள்ள மொட்டைமாடியில் 33 முறை போய்வந்தால் ஒரு கிலோமீட்டர். 33 என்னும் எண்ணிக்கை தஸ்பீஹ் ஓதும் நமக்குப் பழக்கமானதுதானே! மாடி குறுகியதாயின் நிமிடக் கணக்கே போதும். நிமிடத்திற்கு 100 அடிகள் என்பது பொதுவான விரைவு நடை. பேச முடிய வேண்டும், ஆனால் பைத்துப் பாட மூச்சு போதாதிருக்க வேண்டும். அதுவே சரியான வேகம். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டி அரைமணிக்கு வாருங்கள். நம் பகுதி வெயிலை நீங்களே அறிவீர்கள். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நலம். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டிக் கடும் நடை வேண்டாம். கஞ்சி குடித்து மஃரிபு முடிந்தபின் மெதுவாக நடக்கலாம்.

சர்க்கரைக்கு மருந்து உண்போர் சிலவற்றை அவசியம் அறிய வேண்டும். இன்சுலின் ஊசி போடுவோருக்கும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போருக்கும் நடையின்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். சர்க்கரைக் கட்டியோ மிட்டாயோ கையில் இருக்கட்டும். நடக்குமுன் அளவு 100-க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டே புறப்பட வேண்டும். மெட்பார்மின் மட்டும் உண்போருக்கு இந்த அச்சம் மிகக் குறைவு. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் தோன்றினால் உடனே நின்று மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்ணின் விழித்திரையில் சர்க்கரையால் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி மரத்தவர்கள் ரப்பர் செருப்பைத் தவிர்த்து, விரல்களை மூடும் காலணி அணிந்து, நடந்து வந்தபின் உள்ளங்காலை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

இன்றைய தேதியையும், இடுப்பளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைகளைச் செய்து அருகில் எழுதுங்கள். எச்.டி.எல். மெதுவாகவே உயரும், அதைக் கண்டு தளர வேண்டாம். அந்தத் தாளை உங்கள் மருத்துவரிடமும், முடிந்தால் உங்கள் ஊர் ஜமாஅத் தலைவரின் இல்லத்தாரிடமும் காட்டுங்கள். ஈத்காஹ் திடலையோ மண்டபத்தையோ மைதானத்தையோ பெண்களுக்குத் திறந்துவிட்ட ஜமாஅத்கள் இருப்பின் எங்களுக்கு எழுதியனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், ஊர்ப் பெயரோடு இப்பகுதியில் வெளியிடுவோம்.